மல்டிபிள் மைலோமா: முதல் சுற்றிலேயே முழு பலத்தையும் இறக்குவது ஏன்?

எலும்பு மஜ்ஜையில் தோன்றும் ரத்தப் புற்றுநோயான மல்டிபிள் மைலோமா என்று சந்தேகம் எழுந்ததும் செய்யும் ரத்தப் பரிசோதனைகளில் ஒன்று, ரத்தத்தின் நீர்ப்பகுதியான சீரத்தில் இருக்கும் புரதங்களை மின்புலத்தில் ஓடவிட்டுப் பிரிப்பது. அறிக்கையோடு ஒரு சிறிய வரைபடமும் வரும். இடது ஓரத்தில் ஆல்புமின் என்னும் புரதத்தின் உயரமான முகடு. ஆரோக்கியமானவருக்கு வலது ஓரத்தில் தாழ்வாக, அகன்று கிடக்கும் ஒரு மேடு. இதுவரை உடல் சந்தித்த எத்தனையோ கிருமிகளுக்கு எதிராகத் தயாரித்து வைத்த பலவகை எதிர்ப்புப் புரதங்கள் சேர்ந்ததுதான் அந்த மேடு. மைலோமா நோயாளியின் வரைபடத்திலோ அந்த இடத்தில் ஊசி நட்டதுபோல ஒரே ஒரு கூர்முனை நிற்கும். எலும்பு மஜ்ஜையில் எதிர்ப்புப் புரதம் தயாரிக்கும் ஒரு பிளாஸ்மா செல் கட்டுப்பாட்டை இழந்து பெருகி, அதன் வாரிசுகள் எல்லாம் ஒரே புரதத்தை ஓயாமல் கொட்டிக்கொண்டிருப்பதன் அடையாளம் அது. எம் புரதம் என்று அதைச் சொல்வார்கள். சிலருக்கு முழுப் புரதம் உருவாகாமல் அதன் சிறு துண்டான இலகு சங்கிலி மட்டுமே உருவாகும். அவர்களுக்கு இந்த முனை கண்ணில் படாமலே போகலாம் என்பதால் தனி இலகு சங்கிலிப் பரிசோதனையும் அவசியம்.

அந்த ஊசிமுனையைக் கீழே இறக்குவதும், இறங்கியது மறுபடி எழாமல் பார்த்துக்கொள்வதும்தான் மைலோமா சிகிச்சை. முதல் வேலையை இன்றைய மருந்துகள் பெரும்பாலானோரிடம் செய்து முடித்துவிடுகின்றன. இரண்டாவதுதான் கடினம். நோய் தணிந்த பிறகும் மஜ்ஜையில் சில செல்கள் ஒளிந்திருந்து, ஆண்டுகள் கழித்துத் தலைதூக்குகின்றன. ஒவ்வொரு முறை நோய் திரும்பும்போதும் முந்தைய மருந்துகளுக்கு மசியாத செல்களே மிஞ்சியிருப்பதால், அடுத்தடுத்த தணிவுக் காலங்கள் பொதுவாகக் குறுகிக்கொண்டே போகும். ஆகவே எந்த மருந்து சிறந்தது என்று கேட்பவர்களை, எது முதலில், எது பிறகு என்று கேட்கச் சொல்வேன்.

வலிமையான மருந்தைப் பிறகு தேவைப்படும் என்று ஒதுக்கி வைப்பது விவேகம்போலத் தோன்றும். ஐரோப்பிய நாடுகளில் நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகளை அலசி 2016ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு அந்த எண்ணத்தை அசைத்தது. இரண்டாம் சுற்றுச் சிகிச்சையை எட்டியவர்கள் நூற்றுக்கு 61 பேர். மூன்றாம் சுற்றை எட்டியவர்கள் 38 பேர். நான்காம் சுற்றுக்கு வந்தவர்கள் வெறும் 15 பேர். இடையில் நின்றுபோனவர்களில் உயிரிழந்தவர்கள் உண்டு, உடல் தளர்ந்து இனி முடியாது என்று ஆனவர்களும் உண்டு. பிறகு கொடுக்கலாம் என்று வைத்திருந்த மருந்தைப் பெறும் நாள் பலருக்கு வருவதே இல்லை. இன்றைய சிகிச்சை முறைகள் முதல் சுற்றிலேயே மூன்று, நான்கு மருந்துகளைச் சேர்ப்பதற்கு இதுவே அடிப்படை.

யாருக்கு, எப்போது?

எம் புரதம் தென்பட்ட உடனே சிகிச்சை தொடங்க வேண்டும் என்பதில்லை. ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 3 கிராமுக்குக் குறைவாக எம் புரதம், மஜ்ஜையில் 10 சதவீதத்துக்குக் குறைவாக அந்த பிளாஸ்மா செல்கள், வேறு எந்தப் பாதிப்பும் கிடையாது என்ற முன்நிலை 50 வயதைக் கடந்தவர்களிடம் அரிதல்ல. அவர்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில்தான் அது நோயாக மாறுகிறது. இதற்கும் முழு நோய்க்கும் இடையில் இருப்பதைப் புகையும் மைலோமா என்கிறார்கள். அங்கு முதல் ஐந்தாண்டுகளில் ஆபத்து அதிகம், ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம்.

சிகிச்சையைத் தொடங்க வைப்பவை நான்கு சேதங்கள்: ரத்தத்தில் கால்சியம் ஏறுவது, சிறுநீரகம் பழுதாவது, ரத்தசோகை, எலும்பில் ஓட்டைகள். இந்தச் சேதங்கள் வரும்வரை காத்திருந்ததில் சிலர் சிறுநீரகத்தையே இழந்தார்கள். அதனால் 2014ஆம் ஆண்டு சர்வதேச மைலோமா குழு, சேதம் தெரியாவிட்டாலும் சிகிச்சை தொடங்கலாம் என்று மேலும் மூன்று அளவுகோல்களைச் சேர்த்தது. மஜ்ஜையில் 60 சதவீதம் அல்லது அதற்கு மேல் பிளாஸ்மா செல்கள், நோயுள்ள வகை இலகு சங்கிலிக்கும் மற்ற வகைக்கும் உள்ள விகிதம் 100 அல்லது அதற்கு மேல், எம்ஆர்ஐ படத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட எலும்புப் புள்ளிகள் ஆகியவை அவை. புகையும் நிலையிலேயே டாராடுமுமாப் என்ற ஊசி மருந்தைக் கொடுத்துப் பார்த்த அகிலா ஆய்வில், ஐந்தாண்டுகள் கழித்து நோய் முற்றாமல் இருந்தவர்கள் மருந்து பெற்றோரில் 63 சதவீதம், வெறுமனே கண்காணிக்கப்பட்டோரில் 41 சதவீதம். ஆனால் அதில் சேர்க்கப்பட்டவர்கள் ஆபத்து கூடுதலாக இருந்தவர்கள். புகையும் மைலோமா என்ற பெயரைக் கேட்டதுமே ஊசிக்கு ஓட வேண்டியதில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. மாதக்கணக்கில் விடாத முதுகுவலியும், காரணம் தெரியாத ரத்தசோகையும் நடுத்தர வயதைக் கடந்த ஒருவருக்குச் சேர்ந்து வந்தால், வலி மாத்திரையோடு அனுப்பிவிடாமல் மேலே சொன்ன புரதப் பரிசோதனையைச் செய்துவிட வேண்டும். அதிலும் இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரைகள் மைலோமா நோயாளியின் சிறுநீரகத்துக்கு நேரடி எதிரி. இலகு சங்கிலிகள் ஏற்கெனவே சிறுநீரக நுண்குழாய்களில் படிந்து அடைத்துக்கொண்டிருக்கும்போது, அந்த மாத்திரைகள் மிச்சமிருக்கும் வேலைத்திறனையும் பறித்துவிடும்.

மருந்துகள் வந்த வழி

1947 முதல் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இந்த நோய்க்கு யூரித்தேன் என்ற மருந்து கொடுக்கப்பட்டு வந்தது. 1966ஆம் ஆண்டு, சிலருக்கு யூரித்தேனும் மற்றவர்களுக்கு செர்ரி, கோலா சுவையூட்டிய வெறும் பாகும் கொடுத்து ஒப்பிட்டார்கள். மருந்து பெற்றவர்கள் கூடுதல் காலம் வாழவில்லை. நம்பிக்கையை மட்டும் வைத்து மருந்து கொடுக்கக் கூடாது என்பதை மைலோமா மருத்துவம் இப்படித்தான் கற்றுக்கொண்டது. அடுத்து வந்த, கீமோதெரபி மருந்தான மெல்ஃபலானும் ஸ்டீராய்டான பிரெட்னிசோனும் அறுபதுகளின் இறுதியிலிருந்து முப்பது ஆண்டுகள் கோலோச்சின. 1983ஆம் ஆண்டு லண்டன் ராயல் மார்ஸ்டன் மருத்துவமனையின் மெக்எல்வைனும் பவுல்ஸும், மெல்ஃபலானை மிக உயர்ந்த அளவில் கொடுத்தால் நோய் சுவடின்றி மறைவதும் உண்டு என்று காட்டினார்கள். இன்றைய ஸ்டெம் செல் (ரத்த அணுக்களை உருவாக்கும் மூலச் செல்) மாற்றுச் சிகிச்சை அங்கிருந்து வளர்ந்தது.

திருப்புமுனையைத் தந்ததோ, உலகம் வெறுத்து ஒதுக்கிய ஒரு மருந்து. 1957இல் ஜெர்மனியில் தூக்க மாத்திரையாக விற்பனைக்கு வந்து, கைகால்கள் உருவாகாத ஆயிரக்கணக்கான குழந்தைகள் பிறக்கக் காரணமாகி, 1961இல் திரும்பப் பெறப்பட்ட தாலிடோமைடுதான் அது. கட்டிகளுக்குப் புது ரத்தக்குழாய்கள் முளைப்பதை அது தடுக்கும் என்ற ஜூடா ஃபோக்மனின் ஆய்வுச் சிந்தனையை ஒட்டி, அமெரிக்காவின் ஆர்கன்சாவில் பார்ட் பார்லோகி குழுவினர் வேறு வழியற்றுப்போன 84 நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்கினருக்கு நோய் இறங்கியது. 1999இல் அந்த முடிவு வெளியானது. அது வேலை செய்யும் வழி 2010க்குப் பிறகுதான் தெளிவானது. செல்லுக்குள் செரிப்ளான் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு, மைலோமா செல் உயிர்வாழத் தேவையான இரண்டு புரதங்களை அந்தச் செல்லையே அழிக்க வைக்கிறது. தாலிடோமைடிலிருந்து செதுக்கியெடுத்த லெனலிடோமைடு இன்று முதல் சுற்றின் தூண்களில் ஒன்று. கருவுறும் வாய்ப்புள்ளவர்களுக்கு இதில் இன்றும் கடுமையான விதிகள் இருப்பதற்குக் காரணம் அந்தப் பழைய துயரம்தான்.

இன்னொரு தூணான போர்டெசோமிப் 2003இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பிளாஸ்மா செல் என்பது இரவு பகலாக ஓடும் புரத ஆலை. ஆலை எவ்வளவு வேகமாக ஓடுகிறதோ அவ்வளவு கழிவும் சேரும். கோணலாக உருவான புரதங்களை நறுக்கிப்போட ஒவ்வொரு செல்லிலும் புரோட்டியாசோம் என்ற இயந்திரம் இருக்கிறது. போர்டெசோமிப் அதை நிறுத்திவிடுகிறது. சாதாரண செல் சமாளித்துக்கொள்ளும். ஓயாமல் புரதம் கொட்டும் மைலோமா செல் தன் குப்பையிலேயே மூச்சுத் திணறிச் சாகும்.

நால்வர் கூட்டணி

இப்போது உடல் தாங்கக்கூடிய புது நோயாளிக்கு முன்வைக்கப்படுவது பெரும்பாலும் நான்கு மருந்துகளின் கூட்டு: டாராடுமுமாப், போர்டெசோமிப், லெனலிடோமைடு, டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. டாராடுமுமாபுக்குப் பதில் அதே வகையைச் சேர்ந்த இசாடக்ஸிமாபும் வரலாம். இரண்டுமே மைலோமா செல்லின் மேற்பரப்பில் நெருக்கமாக இருக்கும் சிடி38 என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு, உடலின் எதிர்ப்பாற்றலை அங்கே வரவழைப்பவை. பெர்சியஸ் ஆய்வில், ஸ்டெம் செல் மாற்றோடு சேர்த்து நான்கு மருந்துகள் பெற்றவர்களில் 84 சதவீதத்தினருக்கு நான்காண்டுகள் கழிந்தும் நோய் திரும்பவில்லை. டாராடுமுமாப் இல்லாமல் மற்ற மூன்றை மட்டும் பெற்றவர்களில் அது 68 சதவீதம். முதல் சுற்றில் இத்தகைய இடைவெளி அரிது.

ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு குணம் உண்டு. போர்டெசோமிப் பாதங்களிலும் விரல் நுனிகளிலும் எரிச்சலையும் மரத்துப்போதலையும் கொண்டுவரும். நரம்பில் ஏற்றாமல் தோலுக்கடியில் போட்டால் இது குறைகிறது என்று 2011இல் நிரூபணமானது. வாரம் இருமுறை என்பதை வாரம் ஒருமுறையாகக் குறைப்பதும் உதவுகிறது. செருப்பு கழன்று விழுவது தெரியவில்லை, சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை என்ற கட்டம் வரும்வரை சொல்லாமல் பொறுத்துக்கொண்டிருப்பவர்கள் பலர். முதல் குறுகுறுப்பிலேயே சொன்னால் மருந்தின் அளவைக் குறைத்து நரம்பைக் காப்பாற்ற முடியும். தாமதித்தால் சேதம் நிலைத்துவிடலாம். லெனலிடோமைடு ரத்தக்குழாய்களில் ரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டுவதால், ஆஸ்பிரினோ அதைவிட வலுவான உறைவுத் தடுப்பு மருந்தோ கூடவே வரும். போர்டெசோமிபும் டாராடுமுமாபும் அக்கி வருவதைத் தூண்டும். அதைத் தடுக்கத் தினமும் அசைக்ளோவிர் மாத்திரை.

டாராடுமுமாபின் ஒரு விசித்திரத்தைக் குடும்பத்தாரும் தெரிந்துகொள்வது நல்லது. சிவப்பணுக்களின் மேலும் சிறிதளவு சிடி38 உண்டு. மருந்து அதிலும் ஒட்டிக்கொள்வதால், இந்த நோயாளிக்கு ரத்தம் ஏற்ற நேர்ந்தால் ரத்த வங்கியின் பொருத்தப் பரிசோதனையில் எந்த ரத்தத்தைச் சேர்த்தாலும் பொருந்தாததுபோலக் காட்டும். முதல் ஊசிக்கு முன்பே ரத்த வகையையும் எதிர்ப்புப் புரதங்களையும் முழுமையாகப் பரிசோதித்துப் பதிந்து வைப்பதும், எந்த மருத்துவமனைக்குப் போனாலும் இந்த மருந்து எடுப்பதை முதலிலேயே சொல்லிவிடுவதும் அதற்காகத்தான். மருந்தை நிறுத்தி ஆறு மாதம் வரைகூட இந்தக் குழப்பம் நீடிக்கலாம். டாராடுமுமாபே ஒரு தனிவகை எதிர்ப்புப் புரதம் என்பதால், வரைபடத்திலும் தானே ஒரு சிறு முனையாகத் தெரிந்து நோய் மிச்சமிருப்பதுபோல ஏமாற்றும்.

டெக்ஸாமெத்தசோனை எல்லோரும் துணை மருந்து என்று லேசாகச் சொல்கிறார்கள். வீட்டில் இருப்பவர்களைக் கேட்டால்தான் தெரியும். மாத்திரை எடுத்த நாள் இரவு தூக்கம் வராது. மறுநாள் பேச்சிலும் நடையிலும் ஒரு வேகம், சில சமயம் காரணமற்ற கோபம். அது இறங்கும்போது உடலும் மனமும் சேர்ந்து சரிந்துவிடும். சர்க்கரை அளவு ஏறும். ஒரு காலத்தில் இதை மாதத்துக்கு 480 மில்லிகிராம் கொடுத்தார்கள். 2010இல் வெளியான ஓர் ஆய்வு, அந்த அளவை வாரம் 40 என்று 160ஆகக் குறைத்தவர்களோடு ஒப்பிட்டது. ஓராண்டு முடிவில் குறைந்த அளவு பெற்றவர்களில் 96 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். அதிக அளவு பெற்றவர்களில் 87 சதவீதம். நோயை வேகமாக இறக்கியதென்னவோ அதிக அளவுதான். முழு பலம் என்று நான் சொல்வதை அளவைக் கூட்டுவது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

ஸ்டெம் செல் மாற்று

மாற்று என்ற சொல் பலரைக் குழப்புகிறது. யாரோ ஒருவரின் மஜ்ஜையை வாங்கி வைப்பது என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். மைலோமாவில் வழக்கமாகச் செய்யப்படுவது நோயாளியின் சொந்தச் செல்களைத் திரும்பக் கொடுப்பது. அந்தச் செல்கள் நோயைக் குணப்படுத்துவதுமில்லை. நோயை அடிப்பது மிக உயர்ந்த அளவு மெல்ஃபலான்; அது மஜ்ஜையையே துடைத்துவிடுவதால், முன்பே எடுத்து உறைய வைத்திருந்த ஸ்டெம் செல்களைத் திரும்பச் செலுத்தி மஜ்ஜையை மீட்டெடுக்கிறார்கள்.

முதலில் சில நாட்கள் ஊசி போட்டு ஸ்டெம் செல்களை ரத்தத்துக்கு வரவழைப்பார்கள். இயந்திரம் ரத்தத்தை வெளியே எடுத்து, வேண்டிய செல்களைப் பிரித்துக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்பும். மெல்ஃபலான் ஏறும்போது நோயாளியின் வாயில் பனிக்கட்டித் துண்டுகளைப் போட்டு விடாமல் சுவைக்கச் சொல்வார்கள். குளிரில் வாயின் ரத்தக்குழாய்கள் சுருங்கி, மருந்து அங்கே குறைவாகப் போகும். இவ்வளவு எளிய உபாயம், தண்ணீர்கூட விழுங்க முடியாத வாய்ப்புண்ணை வெகுவாகக் குறைக்கிறது. ஓரிரு நாளில் உறைநிலையிலிருந்து உருக்கிய செல்கள் ஏற்றப்படும். உறைய வைக்கச் சேர்த்த வேதிப்பொருளின் பூண்டு போன்ற வாடை அறை முழுவதும் பரவும். பிறகு அணுக்கள் மீளும்வரை ஏறக்குறைய இரண்டு வாரங்கள். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, முடி உதிர்தல், எழுந்து நடக்கவே தெம்பில்லாத களைப்பு எல்லாம் அந்த நாட்களில்தான்.

இவ்வளவு சிரமப்பட வேண்டுமா? 2022இல் வெளியான டிட்டர்மினேஷன் ஆய்வில், உடனே மாற்று செய்தவர்களுக்கு நோய் திரும்பாமல் இருந்த இடைநிலைக் காலம், அதாவது பாதிப் பேர் கடந்த காலம், 67 மாதங்கள். மருந்தோடு நிறுத்தி மாற்றைத் தள்ளிவைத்தவர்களுக்கு 46 மாதங்கள். ஆனால் உயிர்வாழும் காலத்தில் அதுவரை வேறுபாடு தெரியவில்லை. என் கணிப்பில், ஆபத்தான மரபணு மாற்றங்கள் உள்ளவர்களும் உடல் வலுவானவர்களும் இதைத் தள்ளிப்போட நல்ல காரணம் வேண்டும். மற்றவர்கள் செல்களை எடுத்துச் சேமித்து வைத்துக்கொண்டு, மருந்துகளுக்கு நோய் எப்படி அடங்குகிறது என்று பார்த்து முடிவெடுப்பதில் தவறில்லை. லட்சம் செல்களில் ஒன்று மிச்சமிருந்தாலும் கண்டுபிடிக்கும் பரிசோதனைகள் இப்போது அந்த முடிவுக்குக் கைகொடுக்கின்றன.

மாற்று செய்ய இயலாத முதியவர்களை இரண்டாந்தரமாக நடத்திய காலம் போய்விட்டது. டாராடுமுமாப், லெனலிடோமைடு, டெக்ஸாமெத்தசோன் மூன்றையும் சேர்த்துக் கொடுத்த மாயா ஆய்வில் இடைநிலை வாழ்நாள் ஏழரை ஆண்டுகளை எட்டியது. டாராடுமுமாப் இல்லாதவர்களுக்கு அது ஐந்தரை ஆண்டுகளுக்குக் கொஞ்சம் குறைவு. மிகவும் தளர்ந்தவர்களுக்கு டெக்ஸாமெத்தசோனை இரண்டு மாதங்களில் நிறுத்திவிட்டு மற்ற இரண்டையும் தொடர்வதும் நன்றாகவே பலிக்கிறது.

மாற்றுக்குப் பிறகு குறைந்த அளவு லெனலிடோமைடைத் தொடர்ந்து எடுப்பது, நோய் திரும்பும் காலத்தை ஏறக்குறைய இரு மடங்காகத் தள்ளிப்போடுகிறது. வேறு புற்றுநோய்கள் வரும் வாய்ப்பைச் சிறிது கூட்டவும் செய்கிறது. இவற்றோடு எலும்புக்காக சோலட்ரோனிக் அமிலம் அல்லது டெனோசுமாப். இவற்றைத் தொடங்கும் முன் பல் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். மருந்து தொடங்கிய பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் அழுகிப்போகும் ஆபத்து உண்டு.

நோய் திரும்பும்போது

முன்பு எடுத்த மருந்துகளில் எது தோற்றது என்பதே முதல் கேள்வி. லெனலிடோமைடு எடுத்துக்கொண்டிருக்கும்போதே நோய் திரும்பியதா, நிறுத்திப் பல காலம் கழித்தா என்பதைப் பொறுத்து வழி மாறும். கார்ஃபில்சோமிப், பொமாலிடோமைடு முதலியவை அங்கே வரிசைக்கு வருகின்றன. பெலான்டமாப் நல்ல பலன் தரும் மருந்துதான். ஆனால் பார்வையை மங்கச் செய்யும் என்பதால் கண் மருத்துவர் கூடவே இருக்க வேண்டும்.

கடந்த சில ஆண்டுகளில் எல்லோரும் கேட்பது கார்-டி பற்றி. நோயாளியின் எதிர்ப்பு வெள்ளணுக்களான டி செல்களை எடுத்து, மைலோமா செல்லின் மேல் இருக்கும் பிசிஎம்ஏ என்ற புரதத்தை இனங்காணும்படி மரபணுவைச் சேர்த்து, பெருக்கித் திரும்பச் செலுத்துவது. தயாராக வாரக்கணக்கில் ஆகும். அதுவரை நோயை அடக்கிவைக்க இடைக்கால மருந்து தேவை. செலுத்திய சில நாட்களில் காய்ச்சல் கொதிக்கும். டி செல்கள் வேலையைத் தொடங்கிவிட்டதன் அறிகுறி அது. அத்துமீறினால் அடக்க டோசிலிசுமாப் என்ற மருந்து உண்டு. அந்த நாட்களில் செவிலியர் நோயாளியிடம் ஒரு தாளைக் கொடுத்து ஒரு வரி எழுதச் சொல்வார். 100இலிருந்து பத்துப் பத்தாகக் குறைத்து எண்ணச் சொல்வார். நேற்று நேராக இருந்த கையெழுத்து இன்று கோணலானால், மூளை பாதிக்கப்படத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். எந்த ஸ்கேனுக்கும் முன்பே அந்தத் தாள் சொல்லிவிடும்.

காத்திருக்க முடியாதவர்களுக்கு இருமுனை எதிர்ப்புப் புரதங்கள் இருக்கின்றன. ஒரு முனையால் டி செல்லையும் மறுமுனையால் மைலோமா செல்லையும் பிடித்து இரண்டையும் மோதவிடும் இவை குப்பியில் தயாராகவே கிடைப்பவை. டெக்லிஸ்டமாப், எல்ரனாடமாப் பிசிஎம்ஏவைக் குறிவைக்கின்றன. டால்குவெடமாப் வேறொரு புரதத்தைக் குறிவைப்பதால் நாக்கில் ருசியே போய்விடும், நகங்கள் உரியும். தொற்றுகள்தான் இந்த வகையின் பெரிய ஆபத்து. மாதந்தோறும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரதங்களை ஏற்றிக்கொள்ளும் நிலை பலருக்கு வருகிறது.

கார்டிடியூட்-1 என்ற ஆய்வில் சில்டாகெல் என்ற கார்-டி சிகிச்சையைப் பெற்ற 97 பேரும் பலவகை மருந்துகளைக் கடந்து, வேறு வழி குறுகிப்போனவர்கள். ஒரே ஒரு முறை செலுத்தப்பட்ட அந்தச் செல்களுக்குப் பிறகு வேறு மைலோமா மருந்தே எடுக்காமல், நோயும் திரும்பாமல், அவர்களில் 32 பேர் ஐந்தாண்டுகளைக் கடந்துவிட்டார்கள் என்று 2025இல் அறிவிக்கப்பட்டது. பல சுற்று மருந்துகளில் டி செல்களும் களைத்துப்போயிருக்கும் கட்டத்தில் கிடைத்த பலன் இது. களைக்காத டி செல்களை முதல் சுற்றிலேயே எடுத்துப் பயன்படுத்தினால் என்னவாகும் என்று பார்க்க, நால்வர் கூட்டணிக்குப் பிறகு ஒரு பிரிவினருக்கு ஸ்டெம் செல் மாற்றும் இன்னொரு பிரிவினருக்கு சில்டாகெல்லும் கொடுத்து ஒப்பிடும் கார்டிடியூட்-6 ஆய்வு தொடங்கப்பட்டிருக்கிறது. நாற்பது ஆண்டுகளாக மெல்ஃபலான் வைத்திருக்கும் இடம் அதற்கே நிலைக்குமா என்பதை அந்த ஒப்பீடு சொல்லும்.